சந்தனம் அடைத்த துவாரம்

கேள்வி கேட்குமுன்பே ஜப்பான்காரன் என் காதோடு சேர்த்து அறைந்தான். "பகேரோ! இது என்ன மெஷின்?" என்று ஜப்பானிய வசையும் அரைகுறை மலாயுமாகக் கத்தினான். அந்தப் பட்டறை அதிகாரிக்கு எப்போதும் கை முந்தும், வாய் பிந்தும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி. பிரிக்ஃபீல்ட்ஸ் தண்டவாளத்தை ஒட்டிய பட்டறை. ரவாங் ஈயச் சுரங்கத்திலிருந்து லோரியில் கொண்டுவந்து தள்ளியிருந்த மெஷினில் பெயர்த் தகடுகூட இல்லை. துருவைத் தடவிப் பார்த்தேன். படுக்கையாக ஓடும் அச்சு, மேலே அதைத் தாங்கும் கை, கீழே நகரும் மேசை. பல் சக்கரம் வெட்டும் மில்லிங் மெஷின். என் அப்பன் பிறக்குமுன் வார்த்தது. அச்சு இறுகிக் கிடந்தது.

"இதைத் தெரிந்தவன் ஒருத்தன் உங்கள் கொட்டடியில் இருக்கிறான்" என்றேன். சபாபதி, என் தங்கை நல்லம்மாளின் புருஷன், ரவாங் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனவனைப் பிடித்து வைத்திருந்தார்கள், சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்ப. அங்கே போனவர்கள் திரும்பியதாகக் கேள்வியே இல்லை. மெஷின் ஓடினால் சபாபதி இங்கேயே இருக்கலாம் என்றான் அதிகாரி. ஓடாவிட்டால் நீயும் சயாமுக்கு என்று சொல்லி வயிற்றில் உதைத்தான்.

கிழிந்த உதட்டோடு சபாபதியை இழுத்துவந்தார்கள். மெஷினைப் பார்த்ததும் அழுதுவிட்டான், பைத்தியக்காரன். "மச்சான், இது என் மெஷின் லா!"

மண்ணெண்ணெய் ஊற்றி அச்சை உருவினோம். உள்ளே அச்சு சுழலும் வெண்கல வளையம், புஷ், வறண்டு கருகியிருந்தது. எண்ணெய்த் துவாரத்தில் கம்பியைக் குத்தினேன். மஞ்சளும் சிவப்புமாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது. சந்தனம், குங்குமம்! ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு வைத்திருக்கிறான், நேராக எண்ணெய் இறங்கும் வாயில்.

"அட கூறுகெட்டவனே, சாமி கும்பிட்டே மெஷினைக் கொன்னுட்டியே, மாப்ளே!" என்று திட்டினேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

புஷ்ஷைச் சுரண்டிச் சரிசெய்து, செம்பனை எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாட்டினோம். மெஷின் ஓடியது. கட்டர் இரும்பில் பல் வெட்டியது. அதிகாரி சிகரெட்கூட நீட்டினான். முன்பு ஏன் நின்றது என்று கேட்டான். துரு என்றேன். சபாபதி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? கம்பியில் ஒட்டிய சந்தனத்தைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, "நான் வெச்சது, துவான். பூஜைக்கு" என்றான்.

துவாரத்தை அடைத்தவன் இவன். அதிகாரிக்கு அவ்வளவுதான் விளங்கியது. நாசவேலை என்று முடிவுகட்டி ஸ்பானரை எடுத்தான்.

முதல் அடியில் சபாபதியின் பல் தெறித்தது. சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் விலாவில் இடித்தார்கள். நான் அதிகாரியின் காலைப் பிடித்தேன். என் விரல்களை பூட்ஸால் நசுக்கினான். "மச்சான், பூஜைன்னு சொல்லு லா!" என்று சபாபதி அலறினான். சொன்னேன். மலாயிலும் தமிழிலும் கதறிச் சொன்னேன். மண்டை உடைந்த பிறகு அவன் சத்தம் நின்றது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூட விடவில்லை, படுபாவி!

உடலையும் தரவில்லை. நல்லம்மாள் பட்டறை வாசலில் மண்ணை அள்ளித் தூற்றிவிட்டுப் போனாள்.

ஆயுத பூஜை அன்று விடிந்ததும் என் வீட்டுக்கு வந்தாள். கையில் சந்தனக் கிண்ணம்.

"கெட்டியா அரைச்சிருக்கேன், அண்ணே. எனக்குத்தான் பொட்டு இல்ல. அந்த மெஷினுக்கு நல்லா வை."

அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினேன்.

அதிகாரி வருமுன் துவாரத்துக்குள் சந்தனத்தைத் திணித்தேன், நசுங்கிய விரலாலேயே. நடுப்பகலுக்குள் புஷ் புகைந்து, அச்சு இறுகி, கட்டர் வெடித்துச் சிதறியது. அதிகாரி எல்லோரையும் வரிசையில் முட்டி போடவைத்து, "யார்?" என்று வாளை உருவினான்.

நான் எழுந்து நெஞ்சைத் தொட்டேன்.

"நான் வெச்சது, துவான். பூஜைக்கு."