அக்காவின் போனில் ஏறாத செயலி

புத்தாண்டு லட்சியம் வைத்துக்கொள்பவர்களுக்கு மலேசியாவில் ஒரு வசதி உண்டு. ஜனவரி முதல் தேதி கைநழுவினால் சீனப் புத்தாண்டு இருக்கிறது. அதுவும் போனால் சித்திரை. அதற்கும் பிறகு அவால் முஹாரம் என்று முஸ்லிம்களின் புத்தாண்டு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து ஐபோன் செயலி எழுதும் சுகுமாறன், போன வருஷம் ஒன்றுவிடாமல் எல்லாப் புத்தாண்டுக்கும் லட்சியம் எடுத்தான். எல்லாம் ஒரே லட்சியம்தான்: கிள்ளானில் இருக்கும் அக்கா அமுதவள்ளிக்கு ஒரு செயலி செய்து தருவது.

அமுதவள்ளி தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போடுவாள். காலையில் மோர் ஊற்ற ஆளுக்கு ஆள் முந்துவார்கள். வெயில் ஏறினால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். போன தைப்பூசத்தில் மத்தியானம் முழுக்கத் தனியாக நின்று ஊற்றி மயங்கி விழுந்தாள். "மத்தியானத்துக்கு ஆள் இல்லன்னா இனிமே பந்தல் வேணாம்," என்று அவள் கணவர் நாகையா சொல்லிவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், வரேன் என்றவர்களின் பெயரெல்லாம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். சுகுமாறனின் செயலியில் அந்தத் தொல்லை கிடையாது. யார் எப்போது வருகிறார்கள் என்று அக்கா தட்டினால் போதும். ஆளில்லாத மணிநேரம் சிவப்பாக நிற்கும். அதைத் தொட்டால் யாரைக் கூப்பிடலாம் என்று காட்டும்.

சித்திரையிலேயே அது ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஜூன் மாதம் ஆப்பிள் புது வசதிகளை அறிவித்ததும் சுகுமாறனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெயர்களைச் சேமிக்கப் பழைய முறை எதற்கு என்று பிடுங்கிப் புதியதை வைத்தான். பட்டன்கள் கண்ணாடி போல மினுங்கலாம் என்றார்கள், மினுங்க வைத்தான். காலத்தோடு ஓடுகிறவன் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

இந்த வருஷத் தைப்பூசத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய், அக்காவின் போனை வாங்கிச் செயலியை இறக்கப் பார்த்தான். இறங்கவில்லை.

"என்னடா சொல்லுது?"

"போன் பழசுன்னு சொல்லுதுக்கா."

"மொத போனஸ்ல நீ வாங்கித் தந்த போன்டா இது."

நடந்தது இதுதான். செயலி எழுதுகிறவர் ஓர் எண்ணைக் குறிக்கவேண்டும். போனில் உள்ள மென்பொருளின் பதிப்பு அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் செயலி ஏறாது. பதிப்பு ஆண்டுதோறும் புதிதாக வரும்; ஆனால் சில வருஷம் கழித்துப் பழைய போன்களுக்கு அது வருவது நின்றுவிடும். புது வசதி வேண்டுமென்றால் எண்ணை ஏற்றித்தான் ஆகவேண்டும். விறகடுப்பு வைத்திருப்பவரிடம் மைக்ரோவேவ் சமையல் குறிப்பை நீட்டுவது மாதிரி. குறிப்பிலும் தப்பில்லை, அடுப்பிலும் தப்பில்லை. சுகுமாறன் வருஷம் முழுக்க எண்ணை ஏற்றிக்கொண்டே போனான். சோதித்துப் பார்த்ததெல்லாம் தன் புதுப் போனில்.

"புது போன் வாங்கித் தரேன்கா."

"எதுக்கு? என் போன் நல்லாத்தான் ஓடுது. ஓடாதது உன் ஆப்தான்லா."

நாகையா பேப்பரை மடித்தார். "உலகத்துலயே ஒரே ஒரு ஆளுக்குன்னு செஞ்சே மச்சான். அந்த ஒரு ஆளுக்கு மட்டும் ஓடலை."

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் சுகுமாறன் புதியதைக் கழற்றினான். மினுக்கத்தை எடுத்தான். சேமிக்கும் முறையைப் பழையபடி மாற்றினான். ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற எண்ணும் இறங்கியது. கடைசியில் மிஞ்சியது சித்திரையில் இருந்த அதே செயலி. பார்க்கக் கொஞ்சம் தகர டப்பா மாதிரிதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அக்காவின் போனில் ஏறிவிட்டது. வரேன் என்றவர்களின் பெயரைத் தட்டி முடித்ததும் மத்தியானம் முழுக்கச் சிவப்பு. அமுதவள்ளி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, காலைக்குப் பெயர் கொடுத்திருந்தவர்களைக் கூப்பிட்டாள். தங்கமணி முனகிக்கொண்டே ஒரு மணிக்கு ஒத்துக்கொண்டாள். தனலெட்சுமி மகளையும் கூட்டிவருவதாகச் சொன்னாள். சிவப்பு குறையக் குறைய நாகையா எட்டிப் பார்த்தார். பந்தலுக்கான தார்ப்பாயை எடுக்க ஸ்டோருக்குப் போனார்.

"புது வருஷ லட்சியம் முடிஞ்சுதுக்கா," என்றான் சுகுமாறன்.

"அது போன வருஷத்துது. இந்த வருஷத்துக்கு இந்தா," என்று, மிச்சமிருந்த ஒரே சிவப்பில், மத்தியானம் மூன்று மணியில், அவன் பெயரைத் தட்டினாள்.