கூடாரத்துக்குப் பத்துப் பேர்

1

இந்தக் கதை ஒரு மதுக்கடைச் சண்டையில் பிறந்தது. டான்யூப் நதிக்கரையில், படையிலிருந்து ஓய்வுபெற்ற நாங்கள் சிலர் குடித்துக்கொண்டிருந்தோம். எட்டு வீரர் படுக்கும் கூடாரத்தின் தலைவனுக்குப் ‘பதின்மர் தலைவன்’ என்று ஏன் பெயர்? மிச்ச இரண்டு பேர் யார்?

“கழுதையும் கொசுவும்” என்றான் ஒருவன்.

எனக்கு முகாபோர் நினைவுக்கு வந்தான்.

2

வீரம் விளைந்த நம் ரோமப் படையில்...

(மெழுகுப் பலகையில் இந்த வரியைச் சுரண்டிவிட்டேன். அன்று எதிரியைக் கண்டு படை ஓடிய ஓட்டத்தில் செருப்புகளே பின்தங்கிவிட்டன. நான் தளபதியின் எழுத்தன். கூடவே இருந்து பார்த்தவன்.)

முகாபோர் திரேசிய அடிமை. விபென்னியுஸ் தலைவனாயிருந்த கூடாரத்தில் கோவேறு கழுதையைப் பார்த்துக்கொண்டான். மாவரைக்க லுக்கோ என்று இன்னோர் அடிமை. ரொட்டியை எட்டாகப் பிய்க்கும்போது விபென்னியுஸ் சொல்வான்: “நீங்க ரெண்டு பேரும் கணக்குல இல்லடா.”

3

ஓடியதற்குத் தண்டனை வந்தது. கூடாரத்துக்கு ஒருவன் சாக வேண்டும். கூட இருந்தவர்களே அவனை அடித்துக் கொல்ல வேண்டும். தலைக்கவசத்துக்குள் அவரைக்கொட்டைகள், ஒன்று மட்டும் கருப்பு; அதை எடுப்பவன் சாவான்.

விபென்னியுஸுக்குச் சட்டென்று கணக்கு வந்துவிட்டது. “நாங்க பத்துப் பேருங்க, தளபதி! டேய் முகாபோர், தம்பி, வாப்பா! லுக்கோ, நீயும் வா!”

தம்பியாம்!

முகாபோர் தலைக்கவசத்துக்குள் கைவிடப் போனவன், நிறுத்தினான். “தளபதி, ஒரு சந்தேகம். சீட்டு எடுத்தா நானும் படைவீரன்தானுங்களே? அப்ப யாருக்கும் அடிமை இல்லியே?”

தளபதியின் முகம் கோணியது. “என்னய்யா விபென்னியுஸ், அடிமையைப் படையில சேத்தா என்ன தண்டனைன்னு தெரியுமா? அதையும் சேத்துத் தரட்டுமா?”

“ஐயோ, வேணாங்க. நாங்க எட்டுப் பேருதான்.”

4

(முதல் பிரதியில் கருப்புக்கொட்டை விபென்னியுஸிடம் வந்தது. மதுக்கடையில் எல்லோரும் கைதட்டினார்கள், அதனாலேயே அழித்தேன். இன்னொன்றில் தளபதி மன்னித்தார். எங்கள் தளபதியைத் தெரிந்தவர்கள் இருமினார்கள்.)

எட்டுக் கைகள் உள்ளே போயின, மூடியபடி வெளியே வந்தன. கருப்புக்கொட்டை எந்தக் கையில் என்று நான் எழுத மாட்டேன். உங்களுக்குப் பிடிக்காத ஒருவனிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவனுக்கு ஒரு தாய் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தடிகளை எடுத்துவரும்படி முகாபோருக்கு உத்தரவு. அவன் கழுதையின் முதுகிலிருந்த மூட்டையை அவிழ்த்து, விபென்னியுஸைத் திரும்பிப் பார்த்து, ரொட்டி பரிமாறுகிறவனைப்போல் பணிவாகக் கேட்டான்:

“ஏழு போதுங்களா, எசமான்?”