எரியாத திரி

ஜாம் போத்தலின் மூடியைத் திருகியதும் உள்ளேயிருந்து மெல்லிய சீறல் கேட்டது. அரியநாயகம் நெருப்புக்குச்சியைக் கிழித்துப் போத்தல் வாயருகே பிடித்தார். டப்பென்று நீலச் சுவாலை ஒன்று குதித்து அணைந்தது. கைமயிர் கருகிய மணம் அடுப்படிக்குள் பரவியது.

சீமெந்துத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடம் கல்லையும் களிமண்ணையும் அரைத்துப் பார்த்தவர் அவர். வேலணையில் எங்கே தோண்டினாலும் வெள்ளைச் சுண்ணக்கல்தான். ஓட்டையும் வெடிப்புமான அந்தக் கல்லில் காற்றுத் தங்காது. தேசிக்காய்ப் புளிச்சாறு பட்டால் நுரைக்கும். ஆனால் அவருடைய தோட்டத்துக் கிணற்றை ஆழமாக்கியபோது, நேற்றுப் பின்னேரம் அடியில் தட்டுத்தட்டாய் உரியும் கறுத்தக் களிக்கல் வந்தது. புளி விட்டும் அது நுரைக்கவில்லை. சுண்ணாம்பு குறைவு, களி அதிகம், நடுவே எந்தக் காலத்திலோ மக்கிய செடிகொடி. அந்தக் களியின் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் வாயு ஒட்டிக்கிடக்கும். உடைத்தால் வெளியே வரும். அறியும் ஆசையில் ஒரு துண்டை நொறுக்கித் தண்ணீரோடு போத்தலில் மூடிவைத்திருந்தார்.

கிணற்றையும் இந்தப் போத்தலைப் போலவே, நேற்று ஆடு விழாமல் தகரத்தால் மூடிவிட்டே வந்தார்கள்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். கிணறு வெட்டிய குருசுமுத்து கடற்றொழிலாளி. கடலுக்குப் போகத் தடை வந்தபின் கல் பெயர்க்க அலவாங்கு பிடித்தவன். "விளக்கை இறக்கிப் பாத்து, அணையாட்டித்தான் இறங்கவேணும்" என்று நேற்று அவனை வெருட்டியது அரியநாயகமேதான். கிணற்றில் கூடாத காற்று இருந்தால் விளக்கு அணையும் என்பது ஊர்வழக்கம். எரிகிற காற்றை அந்த வழக்கம் அறியாது. எண்பத்தேழாம் ஆண்டுச் சித்திரை, எரிபொருளுக்குத் தடை. வீட்டிலிருந்த கடைசி அரைப் போத்தல் மண்ணெண்ணெயையும் அந்த விளக்குக்கென்று அவரே கொடுத்துவிட்டிருந்தார்.

தோட்டத்தில் கிணற்றுக்கட்டு இடியாமல் இருந்தது. குருசுமுத்துவின் மனைவி அந்தோனியம்மா மண் அள்ளும் ஓலைக் கடகத்தைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தாள். அடியில் அலவாங்குச் சத்தம்.

"குருசுமுத்து, விளக்கு விட்டுப் பாத்தனீரோ?"

"ஓம் ஐயா. வடிவா எரிஞ்சது. கடலுக்க சுழியோடித் திரிஞ்சவனுக்குக் கிணத்துக்க மூச்சு முட்டுமே?"

அரியநாயகம் முகத்தைத் துடைத்தார். விளக்கு எரிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பயமில்லை. அப்போதுதான் கற்குவியலில் கிடந்த விளக்கைக் கண்டார். புதுத் திரியின் நுனி வெள்ளையாகவே இருந்தது.

"கடகத்துக்க என்ன, அந்தோனியம்மா?"

"நெருப்புப்பெட்டி. சுருட்டுப் பத்தப் போறாராம்."

அவர் கயிற்றைப் பறித்து இழுத்தார். கடகம் மேலே வந்ததும் நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"அலவாங்கை விட்டிட்டு ஏறும்."

"ஏன் ஐயா, சுருட்டுக்கும் தடையோ?"

"ஏறும் எண்டனான்."

குருசுமுத்து சிரித்துக்கொண்டே ஏறி வந்தான். அரியநாயகம் இருவரையும் பூவரசுக்கு அப்பால் தள்ளிவிட்டு, காய்ந்த பனையோலையில் கல்லைக் கட்டிக் கொளுத்தித் தூரத்திலிருந்து கிணற்றுக்குள் எறிந்தார்.

அதிர்வு உள்ளங்காலில்தான் முதலில் அடித்தது. பிறகு ஆளுயரத் தீ கிணற்றுக்கட்டுக்கு மேல் எழும்பியது. தகரங்கள் புரண்டு விழுந்தன. செல் குண்டு விழுந்ததென்று அயலில் யாரோ கத்தினார்கள்.

குருசுமுத்து நிலத்தில் குந்திவிட்டான். பற்றவைக்காத சுருட்டு வாயிலேயே இருந்தது.

"விளக்கு விடேல்லை ஐயா. பொய் சொன்னனான்."

"எண்ணெயை நான்தான் ஒளிச்சனான்," என்றாள் அந்தோனியம்மா. "சின்னவளுக்குக் காய்ச்சல். இருட்டுக்க வீரிட்டு அழுறாள். ஐயா ஏசுவியள் எண்டுதான் இவர்... மிச்சம் கிடக்கு. கொண்டுவந்து தாறன்."

தான் சொன்னபடி செய்திருந்தால், விளக்கை இறக்கியபடி இருவரும் அந்தக் கட்டில்தான் குனிந்து நின்றிருப்பார்கள். வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்தவளை அரியநாயகம் மறித்தார்.

"வேண்டாம் பிள்ளை. அது அங்கேயே எரியட்டும்."