பன்னிரண்டாவது நாற்காலி

இப்போதெல்லாம் பாதம் கழுவிக்கொள்ள வருகிறவன் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருகிறான். நகம் வெட்டி, குதிகாலைக் கல்லில் தேய்த்து, சிலர் பவுடர்கூடப் பூசிக்கொண்டு. ஏசு சீடர்களுக்குச் செய்ததை நினைத்து, பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைப்பார். ஏற்கெனவே கழுவின காலில் கழுவுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று தாவீது வருஷாவருஷம் கேட்டுவந்தார். இந்த வருஷம் பன்னிரண்டில் ஒருவராக அவர் பெயரையே எழுதிவிட்டார்கள். அன்று மத்தியானம் குழாயடியில் உட்கார்ந்து அவரும் பீர்க்கங்காய் நாரால் காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததை நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை.

அவருக்குப் பிடிபடாமல் இருந்தது மருமகள் ஜீவிதாவின் விஷயம்தான். பட்டுக் கடையில் நாள் முழுக்க நின்று புடவை விரித்துக் காட்டுகிறவள். காலையில் கடைக்குப் போகுமுன்னும், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையில் சொல்லிவிட்டுக் கிளம்பியும், பிள்ளையார்பாளையத்தில் தனசேகரன் என்கிற கிழட்டு நெசவாளியின் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போவாள். சொந்தமில்லை, சாதிசனமில்லை, கும்பிடுகிற சாமியும் வேறு. ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்துப் பழக்கம், அவ்வளவுதான். பெண்சாதி செத்து, மகளும் பெங்களூர் போய், ஆள் தனி. கோயிலிலிருந்து ஒரு கூட்டம் ஒருமுறை போய் ஹார்லிக்ஸ் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வந்தது, மறுபடி போகவில்லை. இவள் எட்டு மாசமாகப் போகிறாள். போவதுகூடப் பரவாயில்லை. சீழைத் துடைத்துவிட்டு வருகிறவள் முகம் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். வாய்க்குள் ஏதோ ஒரு ராகம் ஓடும். தாவீது நாற்பது வருஷம் கொத்தனார் வேலை செய்தவர். தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல் எந்தச் சுவரையும் நேர் என்று ஒப்புக்கொண்டதில்லை.

"அங்க இன்னாமா கெடைக்குது உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஒண்ணும் கெடைக்கல மாமா. நல்லா இருக்குது, அவ்ளோதான்."

நல்லா இருக்குது என்பது ஒரு பதிலா?

அந்தப் பெரிய வியாழன் மூன்றரை மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. "மாமா, கடையில ரெண்டு பஸ் ஜனம் எறங்கிக்கிது. இன்னிக்கி விட மாட்டாங்க. தாத்தாவுக்கு நீங்க போயி கட்டு மாத்திடுங்க."

"நானா? எனக்கே இன்னிக்கிக் கால் கழுவுறாங்கமா."

"அது ஆறு மணிக்கி மாமா. திங்கக்கிழமை டாக்டர் பாப்பாரு. விரல் கறுத்துருந்தா கணுக்கால் வரைக்கும் எடுத்துடுவன்னு சொல்லிக்கிறாரு. ஒரு வேளைக் கட்டுகூட விடக் கூடாது."

சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் கோயிலுக்குப் போகலாம் என்று நாலு மணிக்கே போய்விட்டார். வாசலுக்கு வரும்போதே உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டது. தறியில் உட்காரவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு; உட்காருவதில்லை என்று கிழவர் ஜீவிதாவிடம் சத்தியமே செய்திருந்தார். தாவீது உள்ளே நுழைந்தபோது தனசேகரன் தறிக்குழிக்குள் இரண்டு காலையும் விட்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஜீவிதா மாமனாரு. இன்னாயா பண்ற நீ?"

"அஞ்சரைக்கித்தான வரும் பாப்பா" என்றார் தனசேகரன். முகம் வெளுத்துவிட்டது.

தாவீது அந்தக் காலைப் பிடித்து மேலே தூக்கினார். மிதிக்கும்போது கட்டு நழுவாமல் இருக்க, அதன்மேல் மிச்சப் பட்டு நூலை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்திருந்தது. கட்டையும் அழுத்திக்கொண்டு நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. தினமும் அவள் வருமுன் நூலை அவிழ்த்து, தடம் மறையத் தேய்த்துவிட்டு, நல்ல பிள்ளையாகக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது. எட்டு மாசமாகப் புண் ஆறாத மர்மம் இதுதான்.

"அறிவு இருக்குதா உனக்கு? காலு போயிடும்யா."

"இந்தச் சத்தம் நின்னுச்சின்னா வீட்டுல நான் மட்டும்தாம்பா" என்றார் தனசேகரன், தறியைப் பார்த்துக்கொண்டே.

பட்டு நூல் லேசில் அறுபடாது. தாவீது சின்னக் கத்தரியின் நுனியை உள்ளே விட்டு ஒவ்வொரு சுற்றாக வெட்டினார். பழைய கட்டைப் பிரித்து, வெந்நீர் வைத்து, விரலிடுக்கெல்லாம் கழுவி, பழுப்பு மருந்தைத் தடவினார். ஒரு விரல் மெல்லச் சிவந்தது. மற்றது யோசித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உனக்கு இன்னிக்கி சாமியாரு கால் கழுவுறாராமே, பாப்பா சொல்லிச்சி. நீ இன்னாடான்னா என் காலைப் புடிச்சிக்கினு உக்காந்துகிற."

"பேசாத. விரலை ஆட்டு."

ரொம்ப நேரம் கழித்து அந்த இன்னொரு விரலும் ஆடியது. "ஆங்" என்று தாவீதின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"பாப்பாகிட்ட சொல்லிடாதப்பா. வராம நின்னுடும்."

"சொல்லத்தான் போறன். நாலு திட்டு திட்டிட்டு மறுபடியும் வரும். அது அப்படி. ஏன்னு எனக்கே தெரியல."

புதுக் கட்டைப் போட்டு முடித்தபோது, இனிமேல் தறியில் உட்காரவும் மாட்டேன், நூலைக் கட்டவும் மாட்டேன் என்று தனசேகரன் கையெடுத்துக் கும்பிட்டார்.

கோயிலுக்குப் போகும் வழியில்தான், தன் வாய்க்குள் ஜீவிதாவின் ராகம் ஓடிக்கொண்டிருப்பதைத் தாவீது கவனித்தார். சட்டென்று நிறுத்தினார். நெஞ்சில் எதுவோ லேசாகக் கிடந்தது; மூட்டை இறக்கின தோள் மாதிரி. முதல் நாள் இல்லையா, புதுசாக இருக்கும், பத்து நாள் போனால் தெரியும் என்று சொல்லிக்கொண்டார்.

கேட்டில் நின்று உள்ளே பார்த்தார். பதினொரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு ஜோடிப் பாதங்கள் டியூப்லைட்டில் பளபளத்தன. பன்னிரண்டாவது நாற்காலி காலி. சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வாசலுக்கு வந்து சீக்கிரம் என்று கையாட்டினார். தாவீது குனிந்து தன் கால்களைப் பார்த்தார். தறிக்குழிப் புழுதியும் சொட்டிய மருந்தும் சேர்ந்து அப்பியிருந்தன. முதல் தடவையாக இங்கே கழுவுவதற்கு ஏதோ இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலில் சுற்றின அந்தப் பட்டு நூலின் கண்டு தறித் தூணிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. எடுத்து வரவில்லை. கும்பிட்டவன்தான் எட்டு மாசம் ஏமாற்றியவனும்.

"உள்ள வாங்க, ஆரம்பிச்சிட்டாங்க" என்றார் உபதேசியார்.

"சேர்ல வேற யாரையாச்சும் உக்கார வையிங்க. கழுவிக்கினு வந்தவன் எவனாச்சும் இருப்பான். அந்தாளை நம்ப முடியாது."

எந்த ஆள் என்று உபதேசியார் கேட்பதற்குள் திரும்பி நடந்தார். நல்லா இருக்குதாம், நல்லா, என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தபோது தெரு முழுக்கத் தறிச் சத்தம். அதில் தனசேகரனுடையது இருக்கிறதா என்று பிரித்தறிய, பழுப்பு மருந்து காயாத கையைக் காதோரம் குவித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.