தோணிக்குப்பத்தின் ஊர் எண்

நான் கோபக்காரி. சிதம்பரம் கீழவீதியில் என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போன மூன்று குடும்பங்கள் இதற்குச் சாட்சி. எண்களோடு வேலை பார்த்தால் யாரோடும் சண்டை வராது என்று நம்பித்தான் புள்ளியியல் படித்தேன். 2009-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு திட்ட அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மாலையில் நின்றுகொண்டே திரும்புவேன்.

வேலை இதுதான். சுனாமிக்குப் பிறகு மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை குழாய், எத்தனை கழிப்பறை, எத்தனை அங்கன்வாடி என்று ஆளாளுக்கு எடுத்த விவரங்களை ஒரு தரவுத்தளத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். அதை எஸ்.டி.எம்.எக்ஸ். என்ற உலகப் பொது வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் கடலூரின் எண்ணை டெல்லியும் படிக்கும், ஜெனிவாவும் படிக்கும். ஜெனிவாவில் யார் உட்கார்ந்து எங்கள் கழிப்பறையைப் படிக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒப்பந்தம் நீளாது.

ஒவ்வொரு எண்ணுக்கும் அது என்ன, எங்கே, எப்போது என்று குறியீடு கொடுக்க வேண்டும். 'எங்கே' என்பதற்கு 2001 சென்சஸ் பட்டியலில் இருக்கும் ஊர் எண் மட்டும்தான் செல்லும். சரியாக இருந்தால் திரையில் பச்சை, தப்பென்றால் சிவப்பு. எங்கள் அதிகாரி சேதுமாதவன் சார் நல்ல மனிதர்தான், ஆனால் சிவப்பைக் கண்டால் பிரஷர் மாத்திரையைத் தேடுவார்.

பதினோராயிரம் எண்களும் பச்சையான பிறகு ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது. சுனாமி நகர். தேவனாம்பட்டினம் தாண்டிக் கடலோரத்தில் இருந்த தோணிக்குப்பத்தை 2004-இல் அலை துடைத்துவிட்டது. பிழைத்தவர்களுக்கு இரண்டு கிலோமீட்டர் மேற்கே அறுபத்திரண்டு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அந்த இடம் பஸ் கண்டக்டருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், 2001 சென்சஸுக்கு மட்டும் தெரியாது. பாவம், அதற்கு எப்படித் தெரியும்!

"உட்டுரும்மா பிரீதா. முப்பத்தோரு புள்ளைங்கதானே? மாவட்டத்துக் கணக்குல ஒரு புள்ளி கூட அசையாது" என்றார் சேதுமாதவன் சார்.

விட்டிருப்பேன். ஆனால் அந்த முப்பத்தோரு பேரையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மலர்க்கொடி வாரா வாரம் என் மேஜை முன்னால் வந்து நிற்பாள். சுனாமி நகரில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே அங்கன்வாடி நடத்தினாள். மழை பெய்தால் விடுமுறை, வெயில் அடித்தால் பிள்ளைகளுக்கு வேர்க்குரு.

"கட்டடம் எப்ப மேடம் வரும்?"

"நம்பர் டெல்லிக்குப் போனா வரும்."

"அப்ப அனுப்ப வேண்டியதுதானே? நம்பருக்கு இன்னா, பஸ்ஸு கெடைக்கலியா?"

டெல்லிக்குப் போன் செய்தேன். 2011 சென்சஸ் முடிந்ததும் புது ஊர்களுக்கு எண் வரும், அதுவரை பொறுங்கள் என்றார் ஒருவர் மிக மரியாதையாக. அதற்குள் மூன்று வயதுப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கே போய்விடும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டியலில் தோணிக்குப்பத்தின் பழைய எண் ஆளில்லாமல் சும்மா கிடந்தது. முப்பத்தோரு பிள்ளைகளையும் தூக்கி அதில் போட்டேன். திரை பச்சையானது. சேதுமாதவன் சார் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

மூன்று மாதத்தில் பிழையே இல்லாத மாவட்டம் என்று பாராட்டுச் சான்றிதழ் வந்து அலுவலகச் சுவரில் ஏறியது. அடுத்த வாரமே, பிள்ளைகள் இருந்தும் அங்கன்வாடிக் கட்டடம் இல்லாத ஊர்களின் பட்டியல் வந்தது. எந்திரம் தயாரித்த பட்டியல், சிபாரிசுக்கு இடமில்லை. முதலிடம் தோணிக்குப்பம். கட்டடமும் தோணிக்குப்பத்திலேயே கட்ட ஆணையாகியிருந்தது. அங்கே இருப்பது வலைகளும் படகுகளும் நண்டுகளும்தான்.

மலர்க்கொடி ஆணையின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா மேடம் இது அநியாயம்? புள்ளைங்க இங்க, கட்டடம் அங்கயா? நண்டுக்கு அ ஆ சொல்லித் தரவா நானு?"

என்மேல் எனக்கே அப்படி ஒரு ஆத்திரம். கட்டடம் கட்டும் இடத்தை மாற்றச் சொல்லி, வேலை தொடங்குவதற்குள், பதினைந்து நாளில் திருத்தம் அனுப்பலாம் என்று விதி இருந்தது.

"சர்டிபிகேட்டத் திருப்பிக் கேட்டுட்டா என்னம்மா பண்றது?" என்றார் சேதுமாதவன் சார்.

"நானே கழட்டி பார்சல் பண்றேன் சார்" என்றேன். அவர் மாத்திரையைத் தேடினார்.

அதற்கு, தோணிக்குப்பத்தில் இப்போது யாரும் குடியில்லை என்று ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான். கடிதத்தை அச்சடித்துக்கொண்டு சுனாமி நகருக்குப் போனேன். மீனவர் ஊரில் தலைவரான நாட்டார் சொல்லாமல் யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள். நாட்டார் பக்கிரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு நான்காக மடித்து என் கையிலேயே வைத்தார்.

"இதுல கையெழுத்து போட மாட்டோம் பாப்பா."

"ஏன்யா? உங்க புள்ளைங்களுக்குத்தானே?"

"இந்த வூட்டக் குடுக்கும்போது ஒரு தாள்ல கைநாட்டு வாங்குனாங்க. பழைய எடத்த உட்டுக்குடுக்கறோம்னு எழுதியிருந்துச்சாம், பொறவுதான் தெரிஞ்சுது. இப்ப ரெண்டு பேரு காருல வந்து மணல டேப்பு வெச்சி அளக்கறானுங்க. ஓட்டலு வருதாம். படகு எங்க ஏத்தறது? வல எங்க காயப்போடறது? அதான் ரேஷன் கார்டுக்கு வந்தாலும் சரி, ஓட்டு லிஸ்டுக்கு வந்தாலும் சரி, எங்க ஊரு தோணிக்குப்பம்னுதான் அத்தினி பேரும் சொல்றோம். ஒருத்தனும் நம்பல. இப்பதான் டெல்லியே சொல்லியிருக்கு, எங்க புள்ளைங்க கடக்கரையில இருக்குன்னு. அத அழிக்க வந்துட்டியே பாப்பா!"

"ஐயா, அது நான் போட்ட தப்பு."

"நல்ல தப்பு. அப்பிடியே கெடக்கட்டும்."

மலர்க்கொடி அங்கேயே நின்றிருந்தாள். ஊர் நடுவே ஒரு பெண் நாட்டாரை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"படகுக்கு எடம் வேணும்னு யோசிக்கிறீங்களே மாமா, புள்ளைங்களுக்கு நெழலு வேணாமா?"

 பக்கிரி தலை குனிந்ததை நான் பார்த்தேன்.

கையெழுத்து இல்லாவிட்டால் போகட்டும், கள ஆய்வு அறிக்கை என்று என் பெயரிலேயே எழுதலாம் என்று விதிப் புத்தகத்தில் கண்டுபிடித்தேன். எழுதினேன். கடைசி நாளான பதினைந்தாம் நாள் காலை மலர்க்கொடி வந்தாள். நான் வெற்றி வீராங்கனையாக அறிக்கையை ஆட்டிக் காட்டினேன்.

"கவலப்படாத. பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பிடுவேன். கட்டடம் உங்க டேங்குகிட்டயே வந்துரும்."

"அனுப்பாதீங்க மேடம்."

"என்னது?"

"நேத்து அந்த ஓட்டலுக்காரனுங்க கடக்கரையில எல்லக்கல்லு நட வந்துட்டானுங்க. எங்க வூட்டுக்காரரு படகையே ஏத்த உடல. பக்கிரி மாமா இந்த அங்கன்வாடி ஆர்டரக் காட்டுன பொறவுதான் கல்லத் தூக்கிக்கினு போனானுங்க. அந்தத் தாளு ஒண்ணுதான் இருக்கு எங்களுக்கு."

"அப்ப புள்ளைங்க?"

"நடப்பாங்க. சின்னதுங்கள நான் தூக்கிக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? மூணு வயசுப் புள்ள ரெண்டு கிலோமீட்டர் போயி, ரெண்டு கிலோமீட்டர் வருமா? வெயில்ல?" என்று கத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"தெரியும் மேடம்" என்றாள். என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எம் பொண்ணும் அதுல ஒண்ணு."

அறிக்கையைக் கிழித்தேன். அவள் தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றி எனக்கு அடி வாங்கின மாதிரி இருந்தது.

2010 ஜூனில் தோணிக்குப்பம் கடற்கரையில் கட்டடம் திறந்தார்கள். பொம்மை வரைந்த சுவர், மின்விசிறி, கழிப்பறை எல்லாம் இருந்தது. முதல் நாள் பார்க்கப் போனேன். தார்ச்சாலையில் ஒரு படகுக் கயிறு நீளமாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முன்னால் மலர்க்கொடி, இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. பாதிப் பேர் காலில் செருப்பு இல்லை. கோபம் வந்தால் எனக்கு முதலில் அழுகைதான் வரும். அங்கேயே அழுதேன்.

அடுத்த மாதம் டெல்லி ஒரு புதுக் கணக்கைச் சேர்த்தது. வீட்டிலிருந்து அங்கன்வாடிக்குப் பிள்ளைகள் போகும் சராசரி தூரம். நாம் எதையும் நிரப்ப வேண்டியதில்லை. வீடு இருக்கும் ஊர் எண்ணையும் கட்டடம் இருக்கும் ஊர் எண்ணையும் பார்த்து அதுவே போட்டுக்கொள்ளும். தோணிக்குப்பத்துக்கு இரண்டும் ஒரே எண். தூரம் பூஜ்யம் என்று போட்டிருந்தது.

"பாத்தியாம்மா! மாவட்டத்துலயே நம்பர் ஒன்!" என்றார் சேதுமாதவன் சார். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

பூஜ்யத்தை அழித்துவிட்டு இரண்டு என்று அடித்தேன். சிவப்பு. மறுபடி அடித்தேன். சிவப்பு. ஒரே ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் இருக்க முடியாது, சரிபார்க்கவும் என்றது திரை. வேறு வழியில்லாமல் பூஜ்யத்தையே அனுப்பினேன். சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்றரை. பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பி நடக்கிற நேரம்.