இரண்டு ஃபிரிட்ஜ் குறித்த எழுத்துப்பூர்வ விளக்கம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. பதிவுத் தபாலில் வந்தது. சென்னையிலுள்ள ஓர் அறக்கட்டளை, "கள ஆய்வில் கண்ட நிலவரம் விண்ணப்பத்திலுள்ள கதையுடன் பொருந்தவில்லை. பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வ விளக்கம் தேவை" என்று கேட்டிருக்கிறது. அந்தக் கதையை எழுதியவன் நான். பெயர் இளவழகன், செஞ்சியில் பி.ஏ. தமிழ் மூன்றாமாண்டு. கல்லூரிச் சுவரிதழில் கேன்டீன் சாம்பாரைப் பற்றித் தொடர் எழுதி, இருமுறை முதல்வர் அறைக்கு அழைக்கப்பட்டவன். இந்தத் தகுதியை நம்பித்தான் எங்கள் காலனி என்னிடம் விண்ணப்பத்தைத் தந்தது.

விளக்கம் எழுத உட்கார்ந்தால் கதையாகவே வருகிறது. முதல் வாசகர் அறக்கட்டளையின் கள அலுவலர் சுவாதி மேடம். மற்றவர்கள் பின்னால் நின்று எட்டிப் படிக்கலாம்.

2

விண்ணப்பித்தவர் கலைமதி அக்கா. வயது முப்பத்தாறு. எங்கள் தெருவில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரே பெண். வேறொருவருடைய குட்டியானை வண்டியில் நெல் மூட்டை ஏற்றிச் செஞ்சிக்கு ஓட்டுகிறார். அவர் கேட்டது ஒரு பழைய வேன்.

எதற்கு என்று எழுதப் படிவத்தில் இரண்டு வரி விட்டிருந்தார்கள். எனவே இரண்டு வரியில்: செஞ்சியில் நடக்கும் குரூப் ஃபோர் இலவசப் பயிற்சி வகுப்பு இரவு எட்டு மணிக்கு முடிகிறது, எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு. அதனால் ஏழு பெண்கள் வகுப்பை விட்டுவிட்டார்கள்.

(ஏழு பேரில் ஒருத்தி என் தங்கை மோனிகா. மாதிரித் தேர்வில் மொத்த வகுப்பிலும் இரண்டாவது. வேன் வராவிட்டால் அடுத்த மாதம் திண்டிவனம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டியதுதான் என்று நைனா ஃபாரம் வாங்கி டிவி மேல் வைத்திருக்கிறார். மோனிகா அதன் மேல் தினமும் எதையாவது வைத்து மறைக்கிறாள்.)

காரணத்துக்கு இரண்டு வரி. "பயனாளியின் கதை"க்கு முழுப் பக்கம்.

முதல் தொடக்கம்: "வரலாற்றுப் புகழ் மிக்க செஞ்சிக் கோட்டையின் கம்பீர நிழலில் வாழும் கலைமதி" — நிறுத்தினேன். நாங்கள் இருப்பது தளவானூர் பக்கம். அவ்வளவு நீளமான நிழல் எந்தக் கோட்டைக்கும் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: "கலைமதிக்குச் சிறுவயது முதலே ஸ்டியரிங் மேல் ஒரு" — இது உண்மை. உண்மை என்பதாலேயே படிவத்துக்கு ஆகாது என்று பட்டது.

மூன்றாவது, அனுப்பியது: "ஒழுகும் கூரையின் கீழ், தன் ஒற்றைச் சேலையின் தலைப்பால் கண்ணீரைத் துடைத்தபடி கலைமதி கேட்கிறார்: எங்களுக்கும் ஒரு காலம் வராதா?"

இதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"யாருடா அந்தப் பொம்பள, பாவம்?"

"நீதான்க்கா."

"நானா? நான் எப்படா அழுதேன்? என் வூடு எங்கடா ஒழுவுது? தளம் போட்ட வூடுடா அது!"

"ஃபண்டுக்கு அப்படித்தான்க்கா எழுதணும். மாதிரிக் கதை குடுத்துருக்காங்க பாரு, அதுல மூணு எடத்துல அழுவுறாங்க. நான் ஒண்ணோட நிறுத்திட்டேன்."

"ரொம்ப நல்லவன்டா நீ" என்று சொல்லிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். வேன் வேண்டுமே.

3

கதை தேர்வாகிவிட்டது. கள ஆய்வுக்கு வருவதாகப் போன் வந்தது. இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். "ஆபீசர் வீட்டைப் பார்க்க வர்றாங்க" என்று தெருவில் சொல்லிவிட்டேன்.

எங்கள் காலனியில் ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், தெருவிலுள்ள நல்ல பொருள் எல்லாம் அன்று அந்த வீட்டுக்குப் போய்விடும். யாரும் கேட்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வீட்டைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு தெருவையே பார்த்துவிட்டுப் போவார்கள். வெளியூர்க் கண் நம் வீட்டு மேல் படுகிறது, அவ்வளவுதான் கணக்கு. வருபவர் சம்பந்தியா அறக்கட்டளையா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

காலையில் நான் பல் விளக்கிவிட்டுப் போய்ப் பார்த்தபோது அக்கா வீட்டில் சோபா இறங்கியிருந்தது. பச்சைமுத்து மாமா தன் ஃபிரிட்ஜை நாலு பேரை வைத்துத் தூக்கி வந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பூவாயி அத்தை வாசலில் நின்றார்.

"ஏன், எங்க வூட்டு ஃபிரிட்ஜுக்கு இன்னா கொறச்சல்? மாமா வூட்டுதுதான் ஆபீசர் கண்ணுக்குத் தெரியணுமா?"

"அத்தே, ஏழைன்னு சொல்லித்தான் கேட்டிருக்கோம்" என்றேன்.

"ஏழையா இருந்தா? வர்றவங்க வாயில வுழுவணுமா நாம?"

சண்டை வேண்டாமென்று அதுவும் வந்தது. ஓர் அறை, இரண்டு ஃபிரிட்ஜ், ஒரே பிளக் பாயிண்ட். அத்தை தன் பட்டுப்புடவையையும் அக்காவுக்குக் கட்டிவிட்டார்.

4

சுவாதி மேடத்தை இந்தக் கதையின் வில்லியாக்க எனக்கு ஆசை. பக்கம் பக்கமாக முயன்றேன். முடியவில்லை. வழியில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறி இறங்கிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கோழிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அத்தையிடம் ரசத்துக்குப் பக்குவம் எழுதிக்கொண்டார். இப்படிப்பட்டவரை வைத்து என்ன செய்வது?

சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டார்: "உங்களுக்கு என்னம்மா கஷ்டம்? மனசு விட்டுச் சொல்லுங்க."

பட்டுப்புடவையில், குழம்புக் கரண்டியோடு நின்ற அக்கா, விருந்தாளியிடம் எந்த மனிதரும் சொல்வதைச் சொன்னார். "ஒரு கொறையும் இல்ல மேடம். நல்லாருக்கோம். நீங்க சாப்டுங்க."

நான் இரண்டாவது ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து, அழு என்று கண்ணைக் கசக்கிக் காட்டினேன்.

"தம்பிக்குக் கண்ணுல என்ன?" என்றார் மேடம்.

"தூசி மேடம்" என்றார் அக்கா.

மேடம் சிரித்துக்கொண்டே தண்ணீர் கேட்டார். யாரோ ஃபிரிட்ஜைத் திறந்தார்கள். உள்ளே ஓடாத ஃபிரிட்ஜின் இருட்டு. அடுத்ததைத் திறந்தார்கள். அங்கும் அதே. யாருடையதைச் செருகினாலும் சண்டை என்று பிளக்கில் எதையுமே செருகவில்லை. மேடம் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

5

ஆக, விளக்கம் இதுதான்: ஒரே வீட்டைப் பற்றி இரண்டு புனைவுகள் உங்களிடம் வந்திருக்கின்றன. பேனாவால் எழுதியது என்னுடையது. தோளில் தூக்கி வந்தது தெருவினுடையது. பின்னதற்கு உழைப்பு அதிகம்.

நடுவிலிருக்கும் கலைமதி அக்கா ஒழுகாத வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடுகிறார். அழுததை நான் பார்த்ததில்லை. சேலை எத்தனை என்று கேட்டதற்கு அடிக்க வந்தார். படிவத்தின் அளவுகோலில் அவர் போதுமான ஏழையா என்று எனக்குத் தெரியவில்லை.

தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். வகுப்பை விடுவதற்கு முன், பத்து நாள் அக்கா அந்த ஏழு பேரையும் குட்டியானையின் பின்னால் ஏற்றித் திரும்பிவந்தார். பதினோராம் நாள் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"மூட்ட ஏத்துற வண்டில பொண்ணுங்கள ஏத்துறியா?"

"மூட்டைக்கு வண்டி இருக்குது சார். பொண்ணுங்களுக்குத்தான் இல்ல."

போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார். வண்டிக்காரரும், இனி மூட்டை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். மறுநாள் முதல் ஏழு பேரும் வீட்டில்.

இந்தப் பத்தியைத்தான் நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். யாரும் அழாததால் விட்டுவிட்டேன்.

6

முடிவு (அ): வேன் வருகிறது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது. ஏழு பெண்களும் தேர்வில் வென்று (நம்பும்படியாக இல்லை. நாலு என்று திருத்தினேன். மோனிகா முறைத்தாள். ஐந்து.)

முடிவு (ஆ): விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மோனிகா திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து

"நிறுத்து" என்றாள் மோனிகா. "ரெண்டுலயும் நான் ஒரு வார்த்த பேசல. பேனாவ கீழ வை."

"நீ பேசறதுன்னா இன்னா பேசுவ?"

"நான் பாஸ் பண்ணுவனா மாட்டனான்னு நான் எழுதிக்கிறேன். பரிட்சைல. நீ எட்டு மணிக்கு மேல வூட்டுக்கு எப்படி வர்றதுன்னு மட்டும் அவங்கள கேளு."

பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த கலைமதி அக்கா நிமிர்ந்தார். "அதான்டா. பட்டப்பகல்ல கார்ல வந்தா நம்ம ஊர்ல இன்னா கஷ்டம் தெரியும்? எங்கிட்ட வந்து கேட்டா நல்லாருக்கோம்னுதான் சொல்லுவேன். நாளைக்கு வந்தாலும் அதான். வூட்ட எதுக்குப் பாக்கணும், வூட்டுக்கு வர்ற வழியப் பாக்கச் சொல்லு."

7

ஆகவே மேடம், மறு ஆய்வுக்கு வரும்போது யார் வீட்டையும் பார்க்க வேண்டாம். காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சாயங்காலம் செஞ்சியில் வகுப்புக்கு வாருங்கள். அன்று மட்டும் ஏழு பேரும் வருவதாக வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். நைனா கேட்டார், "திரும்பி எப்படி வருவீங்க?" மேடம் கூட்டிவருவார் என்று மோனிகா சொல்லிவிட்டாள். எட்டு மணிக்கு வகுப்பு விடும். சோறு ஆக்கி வைத்திருப்போம்.

வேன் தருவதும் தராததும் பிறகு. அதற்கு முன்பு அந்த ராத்திரி நடந்ததை நீங்கள் எழுத வேண்டும். அலுவலக அறிக்கையாகவோ கதையாகவோ, எப்படி வந்தாலும் சரி. கண்ணீர் கட்டாயமில்லை. எனக்குத் தொடக்கங்கள் நன்றாக வரும், ஆகவே முதல் வாக்கியத்தை மட்டும் ஆரம்பித்துத் தருகிறேன்:

"மணி எட்டு பத்து. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஏழு பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நான்