உரிமை எழுதித்தராத யூ சி-யுவான்

கீலுங் துறைமுகத்தில் மாரடைப்பால் இறந்த யூ சி-யுவான், அடுத்த மழைக்காலத்திலிருந்து தன் மென்பொருளுக்குத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். படகுக்காரர்களுக்குக் கடலின் ஏற்ற இறக்கத்தைக் கணித்துச் சொல்லும் நிரல் அது; யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். தைபேயில் ஒரு சங்கம் அதைத் தன் சர்வரில் வைத்துப் பராமரித்தது. திருத்தங்கள் அவருடைய கணக்கிலிருந்தே வந்தன. அவருடைய கணினியோ மின்கம்பி பிடுங்கப்பட்டுப் பூட்டிய அறையில் கிடந்தது. சங்கத்தார் அதிகம் வியக்கவில்லை. கணிப்பு முன்பைவிடத் துல்லியமாக இருப்பதாகப் படகுக்காரர்கள் சொன்னார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எழுதுகிறவர் பதிப்புரிமையைச் சங்கத்தின் பேருக்கு எழுதிக்கொடுத்தால்தான் நிரலை அங்கே வைத்திருக்கலாம். நாளை வழக்கு வந்தால் சங்கம் நின்று பேச அது வேண்டும். சி-யுவான் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லியே போய்ச் சேர்ந்துவிட்டார். செயலாளர் காவ் அவர் மனைவி லியாவ் ஷு-ஹுவெய்யைத் தேடி வந்தான்.

"அண்ணி, உயிரோட இருந்தப்ப எழுதினதுக்கு நீங்க வாரிசு. நீங்க கையெழுத்துப் போட்டாச் செல்லும். செத்தப்புறம் எழுதினது யாரு சொத்துன்னு வக்கீலுக்கே தெரியல."

"அவருதுதான்."

"அப்ப அவருதான் போடணும்."

"இருந்தப்பவே போடாதவரு. இப்ப நான் சொல்லியா போடப்போறாரு?"

"இல்லன்னா அதையெல்லாம் அழிக்கணும் அண்ணி."

அன்றிலிருந்து ஷு-ஹுவெய்க்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மீன் சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பினாள். பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போய் அதே பேருந்தில் வந்தாள். ஒவ்வொரு திருத்தத்தோடும் முன்பின் தெரியாதவர்களுக்கு அவ்வளவு பொறுமையாக விளக்கம் எழுதும் மனுஷன், அவளுக்கென்று ஒரு சொல் அனுப்பவில்லை. அழித்துத் தொலைக்கட்டும் என்று தோன்றும். அழித்துவிட்டால் பிறகு எந்த வழியாக வருவார் என்றும் தோன்றும்.

கடைசியில் ரயிலேறித் தைபேக்குப் போனாள். உயிரோடு எழுதியதற்குக் கையெழுத்துப் போட்டாள். "மத்தத உங்க சொத்தாக்க வேணாம் தம்பி. குடியிருக்கறவங்க மாதிரி ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். சங்கம் ஒரு கோடைக்காலம் முழுக்கச் சண்டையிட்டு, வெளியார் படைப்புகளுக்கென்று தனிப்பகுதி திறந்தது. உரிமை எழுதியவருக்கு, இடம் மட்டும் சங்கத்துடையது.

நிரலில் கோளாறு கண்டவர்கள் எழுத அந்தப் பகுதியில் ஒரு புகார்ப் பக்கம் இருந்தது; அதில் முதலில் எழுதியது ஷு-ஹுவெய்தான். "சமையலறை ஜன்னல் மூட மாட்டேங்குது. மழை உள்ள வருது. நீங்க கடலையே பாத்துக்கிட்டு இருங்க."

கஞ்சி கொதிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "தாழ்ப்பாள்ல திருகாணி தேஞ்சுபோச்சு. டீ டப்பாவுல வேற இருக்கு, மாத்து." கீழே, தீர்க்கப்பட்டது என்று குறித்துப் புகாரை மூடியிருந்தார்.

மாற்றினாள். ஜன்னல் மூடிக்கொண்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து புகாரை மறுபடி திறந்தாள். "இன்னும் சரியாகல," என்று எழுதினாள்.

அது இன்றும் திறந்தே இருக்கிறது. இருவரும் மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சங்கம் அதில் தலையிடுவதில்லை.